பனியன் கம்பெனி வேலைக்கு நடுவே ஆங்கில வார்த்தைகளை எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர். ஆங்கில எழுத்துகள் தெரியும், எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிக்கவும் வரும். பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு புத்தகம் வாங்கி, தினமும் பத்து வார்த்தை வீதம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார். அடுத்த வாரம் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் மறந்துபோய்விடுகிறது. "சூப்பர்வைசர் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி, தரப்பிலிருந்து வருபவர்கள் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். எனக்கு அடிப்படை வார்த்தைகளே தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்கிறார்.

நான் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். உங்களைப் போல ஷிப்ட் முடிந்து வந்து, சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துவிட்டு நோட்டைத் திறப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களோடு இருந்து தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அடிப்படை வார்த்தைகளே தெரியாது என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங், லேபிள், ஸ்டிக்கர், சைஸ், ஸ்லீவ், காலர், நெக், ஷோல்டர், பட்டன், பீஸ், ஷார்ட், ரிஜெக்ட், ஷிப்மென்ட், ஓவர்டைம், லீவு, சம்பள அட்வான்ஸ் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நீங்கள் வாயால் சொல்பவை எல்லாம் ஆங்கிலம்தான். வீட்டுக்கு வந்தால் ஃபேன், லைட், சுவிட்ச், கேஸ், குக்கர், மிக்ஸி, மோட்டார், டேங்க், பைப். வழியில் பஸ், டிக்கெட், ஸ்டாப், சிக்னல், பெட்ரோல். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் ஒரு நோட்டில் பல பக்கம் நிரம்பும். பாடப்புத்தகத்தில் ஐந்தாம் பக்கத்தில் வரும் யானை, ஒட்டகம், கங்காருவைவிட இவை உங்களுக்கு ஆயிரம் மடங்கு பயன்படும்.

ஆனால் இந்தக் கையிருப்பில் ஒரு குறை உண்டு. அதைப் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் பொருள்களின் பெயர்கள். அந்தப் பொருளை என்ன செய்கிறோம் என்று சொல்லும் வினைச்சொற்களைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறோம். "லைட்டைப் போடு", "டிக்கெட் எடு", "லேபிளை வை" என்கிறோம். பெயரைத்தான் ஆங்கிலத்திலிருந்து எடுத்தோம், வினை நம்முடையதாகவே இருந்துவிட்டது. அதேபோல 'இன்', 'ஆன்', 'வித்', 'ஃப்ரம்' போன்ற சின்னச் சொற்களும் நம் பேச்சுக்குள் வரவில்லை. அந்த வேலையைத் தமிழில் வேற்றுமை உருபுகள் செய்துவிடுகின்றன. ஆகவே உங்களுக்குத் தேவை இன்னும் ஐந்நூறு பெயர்ச்சொல் இல்லை. ஏற்கெனவே இருக்கும் பெயர்களோடு சேர்ந்து வரும் வினைகளும் சின்னச் சொற்களும்தான்.

அவை எங்கே கிடைக்கும்? உங்கள் கையிலேயே கிடைக்கின்றன. ஒரு டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பி, சைடு சீமில் தைத்திருக்கும் வாஷ் கேர் லேபிளைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அது உங்கள் விரலுக்குக் கீழே போகிறது. அதில் அனேகமாக இப்படி இருக்கும்: மெஷின் வாஷ் கோல்ட். வாஷ் வித் லைக் கலர்ஸ். டூ நாட் ப்ளீச். டூ நாட் டம்பிள் டிரை. அயர்ன் ஆன் ரிவர்ஸ்.

இந்த ஐந்து வரிக்குள் ஒரு மாதப் பாடம் இருக்கிறது. 'வாஷ்' என்றால் துவை, கழுவு. துணிக்கும் அதுதான், பாத்திரத்துக்கும் கைக்கும் அதுதான். 'கோல்ட்' என்றால் குளிர்ந்த, இங்கே குளிர்ந்த தண்ணீரில் என்று அர்த்தம். 'டூ நாட்' என்றால் செய்யாதே. இதற்குப் பின்னால் எந்த வினையை வைத்தாலும் ஒரு முழு வாக்கியம் கிடைத்துவிடும். டூ நாட் டச், தொடாதே. டூ நாட் கட், வெட்டாதே. டூ நாட் ஓப்பன், திறக்காதே. 'வித் லைக் கலர்ஸ்' என்பதில் உள்ள 'லைக்' பிடிக்கும் என்ற பொருளில் வருவதல்ல. அதே மாதிரியான நிறங்களோடு சேர்த்துத் துவை என்கிறது. மாதிரி, போல என்ற பொருளில்தான் இந்த வார்த்தை ஆங்கிலப் பேச்சில் ஓயாமல் வருகிறது. 'வித்' என்றால் உடன், ஓடு. 'ரிவர்ஸ்' உங்களுக்கு முன்பே தெரியும். லாரி பின்னால் வரும்போது கிளீனர் கத்துவது அதுதான். இங்கே துணியின் மறுபக்கம்.

இனி 'டிரை' என்ற வார்த்தையை வெளியே எடுத்துக்கொண்டு போங்கள். லேபிளில் அது காயவை என்ற வினை; 'டம்பிள் டிரை' என்றால் மெஷினில் சுழற்றிக் காயவை. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பினால் 'ஸ்டோர் இன் எ கூல், டிரை ப்ளேஸ்' என்றிருக்கும். அங்கே அது ஈரமில்லாத இடம். ஒரே வார்த்தை, இரண்டு இடம், ஒரே கருத்து. 'கீப்' என்ற வார்த்தையையும் இப்படித் தேடலாம். இங்கிலாந்துக்குப் போகும் குழந்தைகளின் இரவு உடைகளில் 'கீப் அவே ஃப்ரம் ஃபயர்' என்று லேபிள் வைப்பார்கள். நெருப்பிலிருந்து தள்ளி வை. மாத்திரை அட்டையின் பின்னால் 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்றிருக்கும்; பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை. இரண்டையும் பார்த்தபிறகு 'கீப்' என்றால் வை, அப்படியே வைத்திரு என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி இரண்டு மூன்று இடத்தில் சந்தித்துப் பிடிபட்ட வார்த்தை, நோட்டில் பத்து முறை எழுதிய வார்த்தையைவிட நெடுநாள் நிற்கும்.

செக்கிங்கில் நீங்கள் கண்டுபிடிக்கும் குறைகளின் பெயர்கள் இதைவிட வளமானவை. ஓப்பன் சீம், ப்ரோக்கன் ஸ்டிச், ஸ்கிப் ஸ்டிச், அன்கட் த்ரெட், நீடில் ஹோல், ஆயில் ஸ்டெயின். இவற்றை நீங்கள் ஒட்டுமொத்தமாக ஒரு பெயராகச் சொல்லிப் பழகிவிட்டீர்கள், அதனால் உள்ளே இருக்கும் வார்த்தைகள் கண்ணில் படுவதில்லை. பிரித்துப் பாருங்கள். 'ஓப்பன்' திறந்த, தையல் விட்டு வாயைத் திறந்து நிற்கிறது. கடை திறந்திருக்கிறது என்பதற்கும் 'தி ஷாப் இஸ் ஓப்பன்' என்கிறோம். 'ப்ரோக்கன்' உடைந்த, அறுந்த. நாற்காலி உடைந்திருந்தால் 'தி சேர் இஸ் ப்ரோக்கன்'. 'ஸ்கிப்' என்றால் தாண்டிவிடு, விட்டுவிடு. ஊசி ஒரு இடத்தில் தையலைப் போடாமல் தாண்டிப் போயிருக்கிறது. காலைச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் விட்டால் அதுவும் 'ஸ்கிப்'தான், வீடியோவில் விளம்பரத்தைத் தள்ளிவிடும் பட்டனிலும் அதே வார்த்தைதான். 'அன்கட்' என்பதில் 'கட்' வெட்டு, முன்னால் உள்ள 'அன்' அதை இல்லையென்று ஆக்குகிறது: வெட்டாத நூல். அதே 'அன்' தான் போனைத் திறக்கும்போது 'அன்லாக்' என்று வருகிறது. 'ஆயில்' சமையல்கட்டில் இருக்கிறது. 'ஹோல்' ஓட்டை.

வாக்கியம் வேண்டுமா? 'தேர் இஸ்' என்று ஆரம்பியுங்கள். இருக்கிறது என்று அர்த்தம். 'தேர் இஸ் எ ஹோல் இன் தி ஸ்லீவ்.' ஸ்லீவில் ஓட்டை இருக்கிறது. 'தேர் இஸ் என் ஆயில் ஸ்டெயின் ஆன் தி காலர்.' காலரில் எண்ணெய்க் கறை இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் ஓட்டை துணிக்குள்ளே இருப்பதால் 'இன்', கறை துணியின் மேலே படிந்திருப்பதால் 'ஆன்'. இலக்கணப் புத்தகத்தில் பத்துப் பக்கம் விளக்கினாலும் பிடிபடாத வித்தியாசம் இது. துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓட்டையில் விரலை விட்டு ஒரு முறை, கறையைத் தடவி ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அப்படியே வீட்டுக்கு வந்து 'ரைஸ் இன் தி குக்கர்', 'பிளேட் ஆன் தி டேபிள்' என்று சொல்லிப் பழகலாம்.

வினைச்சொல்லில்தான் தமிழ் பேசுபவர்கள் அதிகமாக இடறுவார்கள். காரணம், நம்முடைய 'போடு' என்ற ஒரு வினை எல்லா வேலையையும் செய்கிறது. சட்டை போடுகிறோம், லைட் போடுகிறோம், காபி போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், ஊசி போடுகிறார்கள், பேங்கில் பணம் போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், லீவு போடுகிறோம். அகராதியைப் பார்த்து 'போடு' என்றால் 'புட்' என்று எடுத்துக்கொண்டால் இவற்றில் முக்கால்வாசி தப்பாகப் போய்விடும். ஆங்கிலத்தில் சட்டைக்கு 'புட் ஆன்', லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன்' அல்லது 'டர்ன் ஆன்', காபிக்கு 'மேக்', கையெழுத்துக்கு 'சைன்', பூட்டுக்கு 'லாக்', ஊசிக்கு 'கிவ்', பணத்துக்கு 'டெபாசிட்', லீவுக்கு 'டேக்'. 'எடு'வும் அப்படித்தான். போட்டோ எடுப்பது 'டேக்', டிக்கெட் எடுப்பது 'பை', ஏடிஎம்மில் பணம் எடுப்பது 'வித்ட்ரா'. 'சாப்பிடு'வையும் கவனியுங்கள். சோறு சாப்பிட்டால் 'ஈட்', மாத்திரை சாப்பிட்டால் 'டேக்'.

அதனால் ஒரு வழக்கத்தை இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டில் தனி வார்த்தையை எழுதாதீர்கள். 'டேப்லெட் என்றால் மாத்திரை' என்று எழுதுவதற்குப் பதிலாக 'டேக் எ டேப்லெட், மாத்திரை சாப்பிடு' என்று ஜோடியாக எழுதுங்கள். 'ஃபார்ம்' என்று எழுதாதீர்கள், 'ஃபில் இன் தி ஃபார்ம்'. 'பஸ்' என்று எழுதாதீர்கள், 'கெட் ஆன் தி பஸ்', 'கெட் ஆஃப் தி பஸ்'. வாயைத் திறக்கும்போது உங்களுக்கு வேண்டியது இந்த ஜோடிதான். உடம்புக்கு முடியாததைச் சொல்லும்போது இது இன்னும் தேவை. தலை வலிக்கிறது, சளி பிடித்திருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்று தமிழில் மூன்று வினை. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'ஐ ஹாவ்' ஒன்றே: ஐ ஹாவ் எ ஹெட்டேக், ஐ ஹாவ் எ கோல்ட், ஐ ஹாவ் எ ஃபீவர். லேபிளில் பார்த்த 'கோல்ட்' இங்கே சளியாக வருகிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சின்ன வினைகளின் பலத்தைப் பார்த்து ஒருவர் ஒரு மொழித் திட்டமே போட்டார். சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 வார்த்தைகள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். அதில் வினைகள் 18 மட்டுமே. கம், கோ, கெட், கிவ், கீப், மேக், புட், டேக், ஸீ, ஸே, ஸெண்ட், லெட், டூ, ஹாவ் எல்லாம் அதில் வரும். அந்தப் பட்டியலை வைத்தே முழு ஆங்கிலத்தையும் பேசிவிடலாம் என்ற அவருடைய நம்பிக்கை எனக்கு இல்லை. 'புட்'டோடு ஒவ்வொரு சின்னச் சொல்லாகச் சேர்த்தால் ஒவ்வொன்றும் புதுப் பொருளாகிவிடுகிறது, அதையும் தனியாகத்தான் கற்க வேண்டும். ஆனால் தொடங்குபவர் முதலில் இந்தப் பதினெட்டைக் கைவசப்படுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமானவர் மைக்கேல் வெஸ்ட். பிரிட்டிஷ் ஆட்சியில் டாக்காவில் கல்விப் பணியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் புரியாத வார்த்தைகள் நெருக்கியடித்த பாடங்களோடு போராடுவதைப் பார்த்து, புது வார்த்தைகளைக் குறைத்து, வந்த வார்த்தையே திரும்பத் திரும்ப வரும்படி பாடநூல்கள் எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 வார்த்தைகள். சாதாரணமான ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் சுமார் 80 சதவீதம் இவற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. மீதி 20 சதவீதத்தில்தான் ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய சொற்கள் இருக்கின்றன. உங்கள் நிலைமை இங்கே நல்ல நிலைமை. ஸ்டிச், சீம், ஸ்டெயின், ஷேட் போன்ற தொழில்சொற்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் ஆங்கிலப் பட்டதாரிகள் பலருக்குத் தெரியாது.

இப்போது உங்கள் மறதிக்கு வருகிறேன். அந்தப் புத்தகத்தில் முதல் நாள் பழங்கள், இரண்டாம் நாள் காய்கறிகள், மூன்றாம் நாள் நிறங்கள் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். ஒழுங்காகத் தெரியும், ஆனால் மூளைக்கு அது குழப்பம். ஒரே வகையைச் சேர்ந்த புது வார்த்தைகளை ஒரே நேரத்தில் படித்தால் ஒன்று இன்னொன்றோடு கலந்துவிடும். 1990களில் தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்து இதைக் காட்டினார்: ஒரே வகை வார்த்தைக் கூட்டம் கற்பதைத் தாமதமாக்கியது, ஒரு காட்சியில் சேர்ந்து வரும் வார்த்தைகள் எளிதாக ஏறின. எதிர்ச்சொல் ஜோடிகளையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். 'புஷ்', 'புல்' இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் பல வருஷம் கழித்தும் கண்ணாடிக் கதவின் முன் நின்று யோசிப்பார்கள். பேங்க் கதவில் இருக்கும் 'புஷ்' கைக்குப் பழகட்டும், பிறகு 'புல்'.

ஆகவே நோட்டை வகை வாரியாக வைக்காமல் இடம் வாரியாக வையுங்கள். செக்கிங் டேபிளுக்கு ஒரு பக்கம், அடுப்படிக்கு ஒரு பக்கம், மருந்துக்கடைக்கு, பேங்குக்கு, ரயிலுக்கு என்று. ஒவ்வொரு பக்கத்திலும் அங்கே இருக்கும் பொருள்கள், அங்கே நாம் செய்யும் காரியம், அங்கே நாம் சொல்லும் அல்லது கேட்கும் ஒரு முழு வாக்கியம். நிறங்கள் வேண்டுமென்றால் தனிப் பாடமாக வேண்டாம். நேவி, மெரூன், ஆஃப் ஒயிட், கிரே மெலாஞ்ச் என்று ஷேட் பெயர்கள் உங்களுக்கு அத்துப்படி. 'திஸ் இஸ் நாட் நேவி, திஸ் இஸ் பிளாக்' என்று ஒரு பீஸைக் காட்டிச் சொல்லும்போது நிறமும் வாக்கியமும் ஒன்றாகவே வந்துவிடும்.

ஒரே விஷயம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் இடங்களைத் தேடிப் போங்கள். நம் ஊரில் அவை நிறைய. ரயில் நிலையத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிக்கும் அறிவிப்பு அடுத்து ஆங்கிலத்திலும் வரும். வண்டி எண், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த நடைமேடை என்பது தமிழில் காதில் விழுந்துவிட்டதால் ஆங்கிலத்தில் 'ஃப்ரம்', 'டு', 'அரைவ்', 'ப்ளாட்ஃபார்ம் நம்பர்' என்று வரும்போது தானாகப் பொருந்தும். போன் எடுக்காதவருக்குப் போட்டால் வரும் குரலும் அப்படித்தான்: 'ஸ்விட்ச்ட் ஆஃப்', 'நாட் ரீச்சபிள்', 'பிஸி'. மாத்திரை அட்டையில் பார்த்த 'ரீச்' இங்கே 'ரீச்சபிள்' ஆகிறது, எட்டக்கூடிய. பேங்க் சலானில் மும்மொழியிலும் அச்சிட்டிருக்கும். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் 'டூ தௌசண்ட் ஒன்லி' என்று ஒரு தடவை நீங்களே எழுதிப் பாருங்கள். 'ஒன்லி' என்பது நாம் எழுதும் 'மட்டும்'. அடுத்தவரிடம் நிரப்பித் தரச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டால் மாதத்துக்கு ஒரு முறை எண்களுக்கும் தேதிக்கும் இலவசப் பயிற்சி.

எண்ணில் ஓர் எச்சரிக்கை. 'தேர்ட்டீன்' பதின்மூன்று, 'தேர்ட்டி' முப்பது. 'ஃபிஃப்டீன்' பதினைந்து, 'ஃபிஃப்டி' ஐம்பது. பீஸ் எண்ணிக்கையில் இது மாறினால் பெரிய தொல்லை. பதின்மூன்று, பதினைந்து என்று சொல்லும்போது பின்பகுதியான 'டீன்' மேல் அழுத்தம் கொடுத்து நீட்டுங்கள். முப்பது, ஐம்பதுக்கு முன்பகுதியை அழுத்தி 'டி'யைக் குறுக்குங்கள். எதிரில் இருப்பவர் சொன்னது பிடிபடாவிட்டால் 'ஒன் த்ரீ ஆர் த்ரீ ஜீரோ?' என்று கேட்டுவிடலாம். தயங்க வேண்டாம், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் அப்படிக் கேட்பார்கள்.

நமக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகளில் சில தமிழ்நாட்டுக்குள் வேறு வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றை வெளியூர்க்காரரிடம் அப்படியே சொன்னால் புரியாது. திருப்பூரில் 'கம்பெனி' என்றால் தைக்கும் இடம். அவரிடம் 'ஃபேக்டரி' என்று சொல்லுங்கள். 'ஐ வொர்க் இன் எ கார்மென்ட் ஃபேக்டரி.' கரண்ட் போய்விட்டது என்பதற்கு 'பவர்' என்ற வார்த்தைதான் எல்லாருக்கும் புரியும்: 'தேர் இஸ் நோ பவர்.' சாப்பிடப் போகும் 'ஹோட்டல்' அவருக்குத் தங்கும் இடம். சாப்பிடும் இடம் 'ரெஸ்டாரன்ட்'. கண்டக்டர் சொல்லும் 'ரைட்' போகலாம் என்பதற்கு, ஆங்கிலத்தில் அது சரி அல்லது வலது. ஒரு மணி நேரம் முன்னதாகப் போவதற்கு நாம் போடும் 'பர்மிஷன்' வெறும் அனுமதி என்றுதான் அவர்களுக்குப் பொருள்படும்; 'கேன் ஐ லீவ் ஒன் அவர் எர்லி?' என்று கேட்பதுதான் சரி. இந்த மாதிரி வார்த்தைகள் ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அதைவிட முக்கியமானது எழுத்து. இந்தப் பதில் முழுவதும் நான் ஆங்கில வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், உங்களுக்கு வேகமாகப் படிக்க வர வேண்டும் என்பதற்காக. நோட்டில் நீங்கள் அப்படி எழுதக் கூடாது. 'பேக்' என்று தமிழில் எழுதினால் அது பையா, பின்பக்கமா, பேக்கிங் செய்வதா என்று தெரியாது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் வேறு எழுத்து, வேறு ஒலி. 'ஆஃப்' என்பதும் அப்படித்தான்: ஸ்விட்சை அணைக்கும் வார்த்தைக்கு இரண்டு எஃப், 'ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்பதில் ஒன்றுதான், உச்சரிப்பும் 'ஆவ்' என்பதற்குப் பக்கத்தில் வரும். தமிழில் ப என்ற ஒரே எழுத்து பில் என்ற ரசீதுக்கும் பில் என்ற மாத்திரைக்கும் உழைக்கிறது. ஆங்கிலத்தில் உதட்டை மூடித் திறக்கும்போது தொண்டை அதிர்ந்தால் ரசீது, அதிராமல் காற்று வெளியே வந்தால் மாத்திரை. கழுத்தில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் விரலிலேயே தெரியும். லேபிளில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதுங்கள். ஒலிக்குச் சந்தேகம் வந்தால் போனில் கூகுள் மொழிபெயர்ப்பில் அந்த வார்த்தையை அடித்து, ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுக் கேளுங்கள்.

நினைவில் வைப்பதற்கு ஒரே ஒரு வழிமுறையைத்தான் நான் வற்புறுத்துவேன். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து, புதிதாகப் படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறை திரும்பப் படிக்கும்போதும் மறதி மெதுவாகிறது என்று காட்டினார். அதனால் ஒரே ராத்திரியில் இருபது முறை எழுதுவதால் பலனில்லை. இன்று படித்ததை நாளைக்கு ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை பாருங்கள். பார்க்கும்போது ஆங்கிலப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, தமிழை மட்டும் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். வந்துவிட்டால் அடுத்தது. வராவிட்டால் அந்த வார்த்தைக்கு நேராக ஒரு புள்ளி வையுங்கள், நாளைக்கே மறுபடி அது வர வேண்டும். வார்த்தைகளை அட்டைகளில் எழுதி, தெரிந்தது ஒரு பெட்டி, தெரியாதது ஒரு பெட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டும் இதைச் செய்வார்கள். உங்களுக்கு நோட்டே போதும்.

தினம் பத்து என்பதை நான்கு ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அவை ஜோடியாகவோ வாக்கியமாகவோ இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை புதிது எதுவும் வேண்டாம், புள்ளி வைத்ததை மட்டும் பாருங்கள். வேகம் குறைவாகத் தோன்றும். ஆனால் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வந்துவிடும், அதுவும் பேச்சில் பயன்படுத்தக்கூடிய ஆயிரம்.

சூப்பர்வைசர் வேலைக்கு முதல் மாதத்திலேயே தேவைப்படும் சில வாக்கியங்களை மட்டும் பொருள் பிரிக்காமல் அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் பேசியது புரியாதபோது உங்களைக் காப்பாற்றுபவை இவை. 'ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்', மறுபடி சொல்லுங்கள். 'ஸ்லோலி, ப்ளீஸ்', மெதுவாக. 'ப்ளீஸ் ஷோ மீ', காட்டுங்கள். 'வாட் இஸ் திஸ் கால்ட்?', இதற்கு என்ன பெயர்? கடைசி வாக்கியம் மிகவும் உதவும், ஏனென்றால் எந்தப் பீஸையும் காட்டி அவரிடமே புது வார்த்தை கேட்டு வாங்கிவிடலாம். இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர்கள் பெரும்பாலும் துணியைக் காட்டித்தான் பேசுவார்கள். குறையைக் கண்ணால் பார்ப்பதில் நீங்கள் அவர்களுக்குச் சளைத்தவர் இல்லை. 'மேஜர்' என்றால் பெரிய குறை, 'மைனர்' சின்னக் குறை, 'கிரிட்டிக்கல்' என்றால் அந்த பீஸ் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. இந்த மூன்றும் ரிப்போர்ட்டில் கட்டாயம் இருக்கும்.

படிப்பதற்கு ஏதாவது வேண்டுமென்றால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள ஆங்கிலப் பாடநூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பெரிய படங்கள், சின்ன வாக்கியங்கள், வந்த வார்த்தை திரும்ப வருகிறது. சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று கூச்சப்பட வேண்டாம். வீட்டில் அந்த வகுப்புப் பிள்ளை இருந்தால் இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள், பிள்ளைக்கும் நல்லது.

அதோடு, கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் முடிந்துபோன ஆர்டர் ஒன்றின் பழைய இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் நகல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சம்மதித்துக் கொடுத்தால், தெரிந்த வார்த்தைகளை முதலில் வட்டமிடுங்கள், பாதிக்குப் பக்கம் வட்டமாகிவிடும் என்று நினைக்கிறேன். மீதியில் அடிக்கடி வருபவை எவையோ அவற்றை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். கம்பெனி பெயரோ பையர் பெயரோ வேண்டாம், வார்த்தைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் டேபிளில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் எழுதித் தருகிறேன்.